வீட்டில் ஒரு பழமரம்: எதை நடலாம், எப்படிப் பெருக்கலாம்?

சிறுநீரக நோய்ப் பிரிவில் மிகுதியாகக் கேட்கப்படும் வினா மருந்தைப் பற்றியதன்று, பழத்தைப் பற்றியது. "எந்தப் பழம் சாப்பிடலாம்?" என்று கேட்காத நோயாளர் அரிது. அதற்கான விடையை உணவியல் வல்லுநர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் அதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய வேறொரு வினா பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. "வீட்டில் எந்த மரத்தை நடலாம்?" என்பதே அது.

முதல் வினா இன்றைய உணவைப் பற்றியது. இரண்டாவது வினா அடுத்த பத்து, இருபது ஆண்டுகளைப் பற்றியது. முற்றத்தில் நிற்கும் மரத்தின் பழம் எப்படியும் தட்டுக்கு வந்துசேரும். கொய்யா காய்க்கும் பருவத்தில் நாள்தோறும் கூடை நிறையப் பழம் கிடைக்கும். வீடு முழுவதும் அதன் மணம் பரவியிருக்கும்போது ஒருவரை மட்டும் "நீங்கள் தொடக்கூடாது" என்று விலக்கிவைப்பது குடும்பத்தினருக்கும் வருத்தம், நோயாளருக்கும் வருத்தம். ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

எந்த மரம் நம் வீட்டுக்கு ஏற்றது, அதை விலையின்றி எவ்வாறு பெருக்கிக்கொள்வது, தோட்ட வேலையின்போது உடலை எவ்வாறு காத்துக்கொள்வது என்னும் மூன்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பழமும் பொட்டாசியமும்

பொட்டாசியம் என்பது தசைகளும் இதயமும் சீராக இயங்கத் தேவையான உப்பு. இரத்தத்தில் இதன் அளவு ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். நாம் உண்ணும் பொட்டாசியத்தில் மிகையானதைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. சிறுநீரகம் தளர்ந்துவிட்டால் அது இரத்தத்தில் தேங்கும். அளவு 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு ஒழுங்கிழக்கலாம். எந்த முன்னறிகுறியும் இன்றி இதயம் நின்றுபோகவும் கூடும்.

நம் ஊரில் விளையும் பழங்களில் 100 கிராமுக்குச் சுமாராக எவ்வளவு பொட்டாசியம் உள்ளது என்பதைக் காண்போம். வகைக்கும் பழுத்த நிலைக்கும் ஏற்ப இவ்வளவு சற்று மாறும்.

மிகுதியாக உள்ளவை: பலா 450 மில்லிகிராம், கொய்யா 400, வாழை 360.
நடுத்தரமாக உள்ளவை: மாதுளை 235, அத்தி 230, சப்போட்டா 190, மல்பெரி 190, பப்பாளி 180, மாம்பழம் 170.
குறைவாக உள்ளவை: பன்னீர் நாவல் 120, அன்னாசி 110, நாவல் 80.

இளநீரில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் உண்டு. ஓர் இளநீரில் 300 மில்லி நீர் இருந்தால், அதிலிருந்து மட்டும் 750 மில்லிகிராம் உடலில் சேர்ந்துவிடும். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு நாள் முழுவதற்குமான பொட்டாசியம் பெரும்பாலும் 2,000 மில்லிகிராம் அளவில் வரையறுக்கப்படுகிறது. அதனோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். சிறுநீரக நோயாளர் அனைவருக்கும் பழத்தடை இல்லை. நோயின் தொடக்க நிலையில் இரத்தப் பொட்டாசியம் சீராக உள்ளோர் பெரும்பாலான பழங்களை உண்ணலாம். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர் சிலருக்குப் பொட்டாசியம் குறைவாகவே இருக்கும். அவர்களுக்குப் பழம் தேவையும்கூட. மாறாக, இரத்த அழுத்தத்திற்கும் இதயத்திற்கும் தரப்படும் சில மாத்திரைகளும், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் தரப்படும் டாக்ரோலிமஸ் மருந்தும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரரின் பட்டியல் உங்களுக்குப் பொருந்தாது. அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுடன் உணவியல் வல்லுநரிடம் கேட்டு உங்களுக்குரிய பட்டியலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நடவே கூடாத மரங்கள்

சில மரங்களைச் சிறுநீரக நோயாளர் உள்ள வீட்டில் நடவே கூடாது. அவற்றுள் முதலாவது, நட்சத்திரப் பழம் என்றும் தமரத்தங்காய் என்றும் வழங்கப்படும் மரம். குறுக்கே வெட்டினால் ஐந்து முனை விண்மீன் வடிவில் தெரியும் இப்பழம் பார்ப்பதற்கு அழகானது. மாடித்தோட்டத்திலும் எளிதில் காய்க்கும். ஆனால் இதில் ஆக்சலேட் உப்போடு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் காரம்பாக்சின் என்னும் நஞ்சும் உள்ளது. 2013-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் இந்நஞ்சைப் பிரித்தறிந்தனர். நல்ல சிறுநீரகம் உள்ளோர் உடலிலிருந்து இது வெளியேறிவிடும். சிறுநீரகம் செயலிழந்தோர் உடலில் தேங்கி மூளையைத் தாக்கும்.

இதன் முதல் அறிகுறி நிற்காத விக்கல். தொடர்ந்து வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு, உணர்விழப்பு ஆகியவை தோன்றும், உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. ஒரே ஒரு பழம் உண்டபின்கூட இவ்விளைவு பதிவாகியுள்ளது. சிறுநீரக நோயாளர் ஒருவருக்கு இப்பழத்தை உண்டபின் விக்கல் தோன்றினால், "தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். என்ன பழம் உண்டார் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். காலம் தாழ்த்தாமல் செய்யப்படும் டயாலிசிஸ் உயிரைக் காக்கும்.

இரண்டாவது, அதன் உறவான பிலிம்பி. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீன் குழம்பில் புளிப்புக்காகச் சேர்க்கப்படும் காய் இது. குழம்பில் சேரும் ஒன்றிரண்டு காயால் நலமுடையோர்க்குத் தீங்கு வருவதில்லை. ஆனால் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இதன் சாற்றைப் பிழிந்து குடித்த 10 பேர் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளான நிகழ்வு கேரளத்திலிருந்து 2013-இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காயில் உள்ள ஆக்சலேட் உப்பு சிறுநீரக நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துக்கொண்டதே காரணம்.

மூன்றாவது, பம்பளிமாசு. இது சிறுநீரகத்திற்கு நேரடியாகத் தீங்கு செய்வதன்று. ஆயினும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளையும், கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளையும் உடல் சிதைத்து வெளியேற்றுவதை இப்பழம் தடுக்கிறது. அதனால் இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்து, மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தையே தாக்கக்கூடும். மாற்று சிகிச்சை பெற்றோர் இதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

நெல்லி மரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நெல்லிக்காயால் தீங்கில்லை. ஆனால் நாள்தோறும் டம்ளர் கணக்கில் நெல்லிச்சாறு குடிக்கும் வழக்கம் பரவியுள்ளது. வைட்டமின் சி மிகுந்தால் அது உடலில் ஆக்சலேட்டாக மாறும். சிறுநீரகம் தளர்ந்தோர்க்கும் கல் உண்டாகும் இயல்புடையோர்க்கும் இது நன்றன்று.

ஏற்ற மரங்கள்

பெரிய மனை இருந்தால் நாவல் மிகச் சிறந்தது. நிழலும் தரும், பொட்டாசியமும் குறைவு. இடம் குறைவாயின் வாட்டர் ஆப்பிள் எனப்படும் நாவல் இனத்துச் சிறு மரத்தைப் பெரிய டிரம்மில் வளர்க்கலாம். அன்னாசி மரமன்று எனினும் எளிமை கருதி இங்கே சேர்க்கிறேன். கடையில் வாங்கிய பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, அடி இலைகளைக் களைந்து, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தித் தொட்டியில் ஊன்றினால் போதும்.

எலுமிச்சை ஒவ்வொரு சிறுநீரக நோயாளர் வீட்டிலும் இருக்க வேண்டிய செடி. உப்பைக் குறைக்க வேண்டிய நிலையில் உணவு சப்பென்று இருக்கும். கூட்டிலும் பொரியலிலும் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் உப்பின் குறை தெரியாது.

கொய்யாவையும் மாதுளையையும் நடவே கூடாது என்பதில்லை. சிறுநீரக நலம் குன்றாத நீரிழிவு நோயாளருக்கு நார்ச்சத்து மிகுந்த கொய்யா நல்ல பழமே. வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்; நோயாளரைக் கவனித்துக்கொள்ளும் மனைவியோ மகனோ இருப்பார்கள். அவர்களும் நன்றாக உண்ண வேண்டியவர்களே. நோயாளருக்குரிய அளவை வல்லுநர் சொல்லியபடி நறுக்கி வைத்துவிட்டால் மரத்தோடு பகைமை கொள்ளத் தேவையில்லை.

காய்க்க எத்தனை ஆண்டுகள்?

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்வோரின் நாட்காட்டி வாரக் கணக்கில் நகர்கிறது. இந்நிலையில் "மரம் நடுங்கள்" என்றால் சிலர் புன்னகைப்பார்கள். காய்க்கும்வரை நான் இருப்பேனா என்னும் கேள்வி அப்புன்னகையில் இருப்பதை மருத்துவர்கள் அறிவோம். அதற்கு ஆறுதல் சொல்லாமல் கணக்கையே விடையாகத் தருகிறேன்.

பப்பாளி விதைத்த 8 முதல் 10 மாதங்களில் காய் தரும். மல்பெரிக் குச்சியை ஊன்றினால் ஓராண்டுக்குள் பழம் பார்க்கலாம். பதியன் போட்ட கொய்யா, எலுமிச்சை, மாதுளை ஆகியவை இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கும். ஒட்டு மா மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும். அதே மாவைக் கொட்டையிலிருந்து வளர்த்தால் ஆறு முதல் எட்டு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகலாம்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. விதையிலிருந்து முளைக்கும் செடிக்கு இளமைப் பருவம் ஒன்றுண்டு. அது முடியும்வரை பூக்காது. பதியனோ காய்க்கும் மரத்தின் கிளை. வயதால் அது முதிர்ந்தது. வேர் மட்டுமே புதியது. ஆகவே விரைவில் பூக்கிறது. மேலும், விதைக்கன்று தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பதியனோ தாய்மரத்தின் அதே பழத்தைத் தரும். உறவினர் வீட்டில் நல்ல எலுமிச்சை மரம் ஒன்று இருந்தால் அதன் மறுபிறப்பை நம் வீட்டில் காணலாம்.

விண்பதியன் போடும் முறை

கொய்யா, எலுமிச்சை, மாதுளை, வாட்டர் ஆப்பிள் ஆகியவற்றுக்கு ஏற்ற முறை இது. மரத்தில் இருக்கும்போதே கிளையில் வேர் விடச் செய்வதால் விண்பதியன் எனப்படுகிறது. காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலமே இதற்குரிய பருவம்.

காய்க்கும் மரத்தில், ஓராண்டு வயதுள்ள, பென்சில் பருமனுள்ள, நோயற்ற கிளையைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து ஒன்றரை அடி கீழே, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழாக, 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சுற்றி வெட்டி உரித்தெடுங்கள். உரித்த இடத்தில் வழவழப்பான பசைபோன்ற படலம் இருக்கும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிடில் பட்டை மீண்டும் கூடிக்கொள்ளும், வேர் வராது.

தென்னை நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் கலந்து நீரில் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். கையால் அழுத்தினால் ஓரிரு துளி நீர் கசியும் பதம் போதும். இதைக் கைப்பிடி அளவு எடுத்து, உரித்த பகுதி முழுவதும் மூடும்படி உருண்டையாக வைத்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் சுற்றி, இரு முனைகளையும் சணல் கயிற்றால் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டுங்கள். வெயில் நேரே படும் கிளையாயின் மேலே ஒரு துணி சுற்றலாம்.

45 முதல் 60 நாட்களில் தாளினூடே வேர்கள் தெரியும். முதலில் தெரிபவை வெண்ணிறமானவை. அவை சற்றுப் பழுப்பேறிக் கிளைக்கும்வரை பொறுத்திருங்கள். பின்னர்ப் பதியனுக்குக் கீழே ஒரே வெட்டாக வெட்டி, தாளை மட்டும் நீக்கி, வேர்ப்பந்து உடையாமல் பைமண்ணில் நட வேண்டும். இலைகளில் பாதியைக் குறைத்துவிடுங்கள். புதிய வேரால் அத்தனை இலைகளுக்கும் நீர் தர இயலாது. ஒரு மாதம் நிழலில் வைத்து, புதுத் தளிர் விட்டபின் வெயிலுக்குப் பழக்குங்கள்.

பட்டையை உரித்த கிளை ஏன் வாடுவதில்லை? மரத்தில் நீர் மேலேறும் பாதை உள்ளே உள்ள கட்டையில் உள்ளது. இலையில் உருவாகும் உணவு கீழிறங்கும் பாதை பட்டையில் உள்ளது. நாம் வெட்டுவது இறங்கும் பாதையை மட்டுமே. ஏறும் நீர் தடைப்படாமையால் இலை பசுமையாக இருக்கும். இறங்க வழியில்லாத உணவும் வளர்ச்சிச் சுரப்புகளும் வெட்டுக்கு மேலே தேங்கி அவ்விடத்தில் வேராக வெளிப்படுகின்றன.

குச்சி ஊன்றும் முறை

மல்பெரி, அத்தி, மாதுளை ஆகியவற்றுக்குப் பதியன்கூடத் தேவையில்லை. முதிர்ந்த, பென்சில் பருமனுள்ள கிளையை 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்குங்கள். அடிமுனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டினால் எது தலை, எது அடி என்று குழப்பம் வராது. செம்மண், மணல், தொழு உரம் கலந்த பையில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றி, ஈரம் காயாமல் நிழலில் வைக்கவும். முதலில் தளிர் தோன்றும். அதைக் கண்டு மகிழ்ந்து உடனே பிடுங்கி நட்டுவிடக்கூடாது. குச்சியில் சேமித்த உணவாலேயே அத்தளிர் வருவதுண்டு. இரண்டு மாதம் கழித்து, பையின் அடித் துளைகளில் வேர் எட்டிப் பார்த்தபின் நடுங்கள்.

மல்பெரிக்குக் கவாத்து மிகவும் உகந்தது. கிளைகளை வெட்டி, இலைகளை உருவிவிட்டால் புதுத் தளிரோடு காயும் சேர்ந்து வரும். ஒரு வெட்டில் கிடைக்கும் குச்சிகளைக் கொண்டு பத்துக் கன்றுகள் உருவாக்கலாம்.

ஒட்டுக்கன்று வாங்கும்போது

மாவையும் சப்போட்டாவையும் ஒட்டுக்கன்றாக வாங்குவதே சிறந்தது. மாவை நாட்டு மாங்கன்றின் மீதும், சப்போட்டாவைப் பாலை மரக்கன்றின் மீதும் ஒட்டுக் கட்டுகின்றனர். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளிலும், பெரியகுளத்தில் உள்ள தோட்டக்கலைக் கல்லூரி போன்ற வேளாண் நிறுவனங்களிலும் நம்பகமான கன்றுகள் கிடைக்கும். ஒட்டுப் பகுதி நன்கு கூடியிருக்கிறதா, அதற்கு மேலே தளிர் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழிருந்து வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் வேர்க்கன்றே வளர்ந்து ஒட்டை மேற்கொண்டுவிடும்.

நடுதலும் பராமரித்தலும்

தரையில் நடுவதாயின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி உள்ள குழி எடுத்து, ஒரு வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் 10 கிலோவும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பவும். மாடியில் வைப்பதாயின் 60 முதல் 80 லிட்டர் டிரம் தேவை. அடியிலும் பக்கத்திலும் துளைகள் இருக்க வேண்டும். மண் நிறைந்த டிரம் 100 கிலோவுக்குக் குறையாது. ஆகவே தூண்களின் மீதோ உத்தரங்களின் மீதோ வரும்படி வையுங்கள்.

தண்டைச் சுற்றிக் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும். மாதுளையில் காய்த்துளைப்பானும் கொய்யாவில் பழ ஈயும் வராமலிருக்க, காய் சிறிதாக இருக்கும்போதே துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். பாராக்வாட் போன்ற களைக்கொல்லிகளை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அழிக்கும் நஞ்சு, முறிமருந்து இல்லாதது.

தோட்டத்தில் உடல் பாதுகாப்பு

டயாலிசிஸ் செய்துகொள்வோர்: ஃபிஸ்டுலா உள்ள கையால் வாளியோ தொட்டியோ தூக்கக்கூடாது. எலுமிச்சை, மாதுளை முள் படாமல் முழுக்கைச் சட்டை அணியுங்கள். ஆனால் அது கையை இறுக்கக்கூடாது. டயாலிசிஸ் செய்த நாளில் உடலில் இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து இருக்கும் என்பதால் அன்று கத்தி, கத்தரி எதையும் எடுக்க வேண்டாம். ஃபிஸ்டுலாவில் காயம் பட்டு இரத்தம் வந்தால் தூய துணியால் விடாது அழுத்தி, கையை உயர்த்தியபடியே மருத்துவமனைக்கு வாருங்கள். வெயிலில் வேலை செய்தால் தாகம் மிகும். அருந்தும் நீருக்கு உங்களுக்கு வரம்பு உண்டு. ஆகவே காலை 8 மணிக்கு முன்னரோ மாலை 5 மணிக்குப் பின்னரோ மட்டும் தோட்டத்தில் இருங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர்: முதல் 6 மாதங்கள் மண்ணைத் தொடும் வேலையை முற்றிலும் தவிருங்கள். மண்ணிலும் மக்கிய உரத்திலும் உள்ள பூஞ்சை வித்துகள் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரின் நுரையீரலைத் தாக்கும். பின்னரும் மருத்துவரின் இசைவு பெற்றே தொடங்குங்கள். உரமூட்டையைப் பிரிக்கும் பணியை வேறொருவர் செய்யட்டும். கையுறை, முகக்கவசம், மூடிய காலணி மூன்றும் இன்றியமையாதவை. பழத்தை ஓடும் நீரில் கழுவித் தோல் நீக்கி உண்ணுங்கள். தரையில் விழுந்ததையும், வௌவாலோ அணிலோ கடித்ததையும் உண்ணாதீர்கள்.

நீரிழிவு உள்ளோர்: வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்காதீர்கள். உணர்வு குறைந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குவரை பார்த்துவிடுங்கள். மண்ணிலும் தேங்கிய மழைநீரிலும் வாழும் பாக்டீரியா ஒன்று மெலியாய்டோசிஸ் என்னும் கடும் நோயைத் தரும். நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளோரையே அது மிகுதியாகத் தாக்குகிறது. மழைக்காலத்தில் மண்வேலைக்குப் பின் விடாத காய்ச்சல் வந்தால், தோட்ட வேலை செய்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்வோர் உணவு உண்ணாமல் வேலையில் இறங்கக்கூடாது.

அனைவரும் தடுப்பூசிப் பதிவேட்டில் டெட்டனஸ் ஊசி எப்போது போடப்பட்டது என்று பாருங்கள். தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒரு முறையேனும் கொட்டித் துடைத்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடும்.

உடனிருப்போருக்கு

நோயாளரைக் கவனித்துக்கொள்வோர் பெரும்பாலும் ஒன்றைச் சொல்வர்: "அவர் எதிலும் ஈடுபாடு காட்டுவதில்லை." நீண்ட நோயில் ஒருவர் எப்போதும் பெறுபவராகவே இருக்கிறார். மருந்து, உணவு, வண்டிச் செலவு, பிறருடைய நேரம் ஆகிய அனைத்தும் அவரை நோக்கியே வருகின்றன. தாம் தருவதற்கு ஒன்றுமில்லை என்னும் எண்ணம் மெல்ல மெல்ல மனத்தைத் தளர்த்திவிடும். பதியன் போட வலிமை தேவையில்லை. பொறுமையும் கூரிய பார்வையும் போதும். முள்ளும் மண்ணும் கத்தியும் உள்ள பணிகளை நீங்கள் செய்யுங்கள். கிளையைத் தேர்ந்தெடுப்பது, தேதி எழுதிக் கட்டுவது, வேர் வந்துவிட்டதா என்று நாள்தோறும் பார்ப்பது ஆகியவற்றை அவரிடம் விடுங்கள். ஒரு மரத்திலிருந்து ஒரு பருவத்தில் ஐந்து பதியன்கள் எடுக்கலாம். ஒன்றை வீட்டில் நட்டு, நான்கைப் பிறருக்கு அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

பழத்தைத் தாமே உண்ண இயலாத நோயாளரும் அம்மரத்தை வளர்க்கலாம். அதன் கன்றைப் பிறருக்கு வழங்கலாம். அதற்குப் பொட்டாசியக் கணக்கு ஏதும் இல்லை.

நடுவதற்கு முன், நட விரும்பும் மரங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உடன் கொண்டுவாருங்கள். உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவையும் மருந்துப் பட்டியலையும் வைத்துக்கொண்டு எதை நடலாம், எதில் எவ்வளவு உண்ணலாம் என்று குறித்துத் தருகிறோம். வீட்டில் ஏற்கெனவே தமரத்தை மரம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.